திருமதி என்று போட்டவள்

1

இந்தக் கதை ஒரு சவ அடக்கத்தன்று பிறந்தது. சரியாகச் சொன்னால், அந்த அடக்கத்துக்கு வர மறுத்த ஒரு பெண்ணின் வீட்டு வாசலில்.

போன பிப்ரவரியில் மிஸ்டர் கிளைட் ரென்ஃப்ரோ காலமானார். கறுப்பின மக்களுக்கான எங்கள் 'லாந்தர்' வார இதழுக்காக இருபத்தாறு வருடம் தெற்கு மாநிலங்களில் ஊர் ஊராக அலைந்து செய்தி அனுப்பியவர். நானும் அதே இதழில்தான் வேலை பார்க்கிறேன். என் பெயர் ஆர்டெல்லா கிம்ப்ரோ. அச்சுக்குப் போகும்முன் எல்லாப் பக்கங்களையும் வாசித்துத் திருத்துவது என் பொறுப்பு. அடக்கத்தன்று காலை, சீடர் அவென்யூவில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் என் தோழி ஹெஸ்டர் பர்டெட்டைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கதவைத் தட்டினேன்.

"யாரு சாவுக்கு? அந்த ஆளு சாவுக்கா? நான் வரல, ஆர்டி."

"செத்தவர்மேல என்ன கோவம், ஹெஸ்டர்? பதினாலு வருஷம் ஆச்சு."

"எனக்கும் உனக்கும் ஆச்சு. லெமுவேலுக்கு ஆகலையே. அவன் இருபத்தெட்டோட நின்னுட்டான். நீ போ. வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா, வீட்ல ஒண்ணுமில்ல."

போனேன். பாட்டுப் பாடினேன், மண் போட்டேன், ரொட்டியும் வாங்கி வந்தேன். மிஸ்டர் ரென்ஃப்ரோமேல் ஹெஸ்டர் வைத்திருந்த கோபம் முழுவதும் எனக்குச் சேரவேண்டியது. அதை அன்றும் நான் சொல்லவில்லை.

கதை எழுதுகிறவர்கள் இதுபோன்ற விஷயத்தைக் கடைசிப் பக்கம்வரை மறைத்து வைப்பார்கள். நான் பதினான்கு வருடம் மறைத்தாகிவிட்டது. அது போதும்.

2

இப்போதைய ஆசிரியர் என்னிடம் கேட்டது இந்தக் கதையை அல்ல.

"மிஸ் கிம்ப்ரோ, ஆண்டு மலருக்கு லெமுவேல் டேட் வழக்கைப் பத்தி நீங்கதான் எழுதணும். நம்ம பத்திரிகை ஜெயிச்ச கதை. அந்தக் காலத்து ஆளுங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

"ஜெயிச்சோமா?"

"மின்சார நாற்காலியில இருந்து ஒரு பையனைக் காப்பாத்தினோமே!"

காப்பாற்றினோம். அது பொய்யில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 1947ஆம் வருடம், மார்ச் மாதம். மழை சோவென்று

(வேண்டாம். மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. துக்கம் என்றாலே நாம் மழையைத் துணைக்குக் கூப்பிட்டுவிடுகிறோம்.)

இரண்டாம் தொடக்கம்: அச்செழுத்துக்கு உள்ள வல்லமையை உலகுக்குக் காட்டிய

(இது ஆண்டு மலர் நடை. அடித்துவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: லெமுவேல் டேட் என்ற பத்தொன்பது வயது மர ஆலைத் தொழிலாளி ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு சலவைக்காரியின் கோழிக்கூண்டுக்குக் கூரை வேய்ந்துகொண்டிருந்தபோது, மூன்று மைலுக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரக் கடைக்காரர் கொல்லப்பட்டார்.

இது நல்ல வாக்கியம். சுருக்கம், உண்மை. ஆனால் 'ஒரு சலவைக்காரி' என்று எழுதியதும் என் கை நின்றுவிட்டது. ஏன் என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன். அதற்குமுன் பத்திரிகையைப் பாராட்ட வேண்டிய அளவு பாராட்டிவிடுகிறேன். பிறகு நேரம் கிடைக்காது.

3

வழக்கு நடந்த தெற்கு மாநிலத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டாலும் கதை மாறாது.

பன்னிரண்டு வெள்ளையர்கள் பதினெட்டு நிமிடம் கூடிப் பேசி லெமுவேலுக்கு மரண தண்டனை என்றார்கள். அந்த ஊர்ப் பத்திரிகை நான்கு வரி போட்டது. எங்கள் அன்றைய ஆசிரியர் மிஸ்டர் தேடியஸ் குவார்ல்ஸ் முதல் பக்கம் முழுவதையும் கொடுத்தார். இடது மேல் மூலையில் ஒரு கட்டம்: "லெமுவேல் டேட் இன்னும் உயிரோடிருக்கிறார். முதல் வாரம்." அடுத்த வாரம் இரண்டாம் வாரம். இப்படி இருபத்தொரு வாரம். பக்கத்தின் அடியில் ஒரு கூப்பன். அதை வெட்டி, கையெழுத்துப் போட்டு, ஆளுநருக்கு அனுப்ப வேண்டும்.

வியாழக்கிழமை வாங்கிய பத்திரிகையை மடித்து ஞாயிறு தேவாலயத்துக்குக் கொண்டுவருவார்கள். காணிக்கைத் தட்டோடு கத்தரிக்கோலும் வரிசை வரிசையாகக் கை மாறும். பாட்டு ஓய்ந்த நேரத்தில் முந்நூறு பேர் காகிதம் வெட்டும் சத்தம் கேட்கும். அதைப் போன்ற ஒரு ஜெபத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெரியவர் பெருவிரலை மையில் தோய்த்து, "இதைப் பார்த்தா அந்த ஆளுநருக்குப் புரியுமா?" என்று கேட்டார். "புரியாம என்ன? அவர் கையிலயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கே," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

நாற்பத்து மூவாயிரம் கூப்பன்கள் போய்ச் சேர்ந்தன. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. மேல் நீதிமன்றம் மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. அன்று அச்சுக்கூடத்தில் எல்லோரும் அழுதோம்.

பத்திரிகை செய்த நன்மை இது. இதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெறமாட்டேன்.

4

இப்போது நான் செய்தது.

வெள்ளையர் பத்திரிகைகள் எங்கள் பெண்களைத் திருமதி என்று எழுதுவதில்லை. டாக்டர் மனைவியாக இருந்தாலும் வெறும் முதல் பெயர், இல்லாவிட்டால் 'ஒரு கறுப்பினச் சலவைக்காரி.' அதனால் எங்கள் பத்திரிகைகளில் ஒரு கட்டாய வழக்கம் இருந்தது. எங்கள் பெண் ஒருத்தி அச்சில் வந்தால் திருமதி அல்லது செல்வி, அதன்பின் முழுப் பெயர். பாத்திரம் கழுவுகிறவருக்கும் அதுதான், பள்ளித் தலைமையாசிரியைக்கும் அதுதான். அந்த வழக்கத்தின் காவல்காரி நான்.*

(* என் அம்மா இறந்தபோது எங்கள் பழைய ஊர்ப் பத்திரிகை, 'ஜோசி, சமையற்காரி, வயது சுமார் 60' என்று போட்டது. என் அம்மாவுக்கு ஐம்பத்தொன்று. இது சாக்கு அல்ல. காவல்காரி எங்கிருந்து வந்தாள் என்று சொன்னேன்.)

எங்கள் அச்சுக்கோப்பாளர் கஸ் விம்பர்லி இதற்காகவே என்னை வம்புக்கு இழுப்பார்.

"மிஸ் கிம்ப்ரோ, உங்க திருமதிங்களுக்கே எனக்குத் தனியா ஒரு வண்டி ஈய எழுத்து வேணும். சபைப் பெண்கள் கூட்டம்னு ஒரு செய்தி குடுத்தீங்க, எண்ணிப் பார்த்தேன், முப்பத்தியேழு திருமதி!"

"முப்பத்தெட்டு. ஒண்ணை விட்டுட்டீங்க. சேர்த்துடுங்க."

"கர்த்தர் வரும்போது பரலோகப் பட்டியலையும் உங்ககிட்டதான் திருத்தக் குடுப்பாரு போல."

மறு விசாரணைக்குப் பதினேழு நாள் இருந்தது. மிஸ்டர் ரென்ஃப்ரோ பைபிள் விற்பவர்போல் அந்த ஊருக்குள் போய் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்திருந்தார். கொலை நடந்த நேரத்தில் தன் வீட்டுக் கோழிக்கூண்டின்மேல் லெமுவேல் ஏறி நின்றதைப் பார்த்தவர். முதல் விசாரணையில் அவரை யாரும் கூப்பிடவே இல்லை. மறு விசாரணையில் வந்து சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தார். மிஸ்டர் ரென்ஃப்ரோவின் செய்தியில் 'ஒரு சலவைக்காரி' என்று மட்டும் இருந்தது. கூடவே ஆசிரியருக்கு ஒரு கடிதம். அதில் பெண்ணின் முழுப் பெயர், விதவை என்ற விவரம், எந்தச் சாலையில் வீடு, எல்லாம்.

அச்சிடாதீர்கள் என்று கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. அதை எழுதத் தேவை இருக்கும் என்று எந்த நிருபருக்குத் தோன்றும்?

மிஸ்டர் குவார்ல்ஸ் அந்த வாரம் வாஷிங்டனில் ஒரு கூட்டத்தில் இருந்தார். கடிதத்தைப் பிரித்தது நான். செய்தியை வாசித்ததும் எனக்கு வந்தது பயமில்லை. கோபம். ஒரு மனிதனின் உயிருக்காக நிற்கிறவள் பெயரில்லாத சலவைக்காரியா? நம் ஆளே நம் பெண்ணை இப்படி எழுதுவதா?

அடித்துவிட்டு, மேலே எழுதினேன்: திருமதி ஹெஸ்டர் பர்டெட்.

"ஒரு வரி கூடுதலா ஓடுது," என்றார் கஸ்.

"ஓடட்டும்."

இதை எழுதும்போது அந்த இரண்டு பேரையும் நிறுத்தப் பார்க்கிறேன். கஸ்ஸை, "அம்மா, அந்த ஊர்ல இது ஆபத்தில்லையா?" என்று கேட்கவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அவர் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அன்று எல்லோரும் களைத்திருந்தோம். பெருமையிலும் இருந்தோம்.

5

ரயில் சிப்பந்திகள் கட்டுக் கட்டாக லாந்தரைத் தெற்கே கொண்டுபோவார்கள். சனிக்கிழமை அது அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அதை வாசித்தது எங்கள் மக்கள் மட்டுமல்ல.

ஞாயிறு மாலை நான்கு பேர் ஹெஸ்டரின் வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். ஒருவன் கையில் எங்கள் பத்திரிகை. நடந்ததை ஹெஸ்டரே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார், அந்த ஆட்களின் குரலிலேயே.

"திருமதியம்மா! திருமதி பர்டெட் அம்மா! வெளிய வாங்க, உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கோம்!"

"சத்தமா கூப்பிடாதடா, திருமதி தூங்குறாங்களோ என்னவோ."

"கோர்ட்டுக்குப் போறாங்களாம்டா. எந்த உடுப்பு போட்டுட்டுப் போவாங்க? நம்ம வீட்டுப் பொம்பளைங்க வெளுக்கக் குடுத்ததுல ஒண்ணா?"

சிரித்தார்கள். வெளுக்கும் அண்டாக்களைக் கவிழ்த்தார்கள். கோழிக்கூண்டைப் பிரித்துப்போட்டார்கள். நாளை சூரியன் மறையும்போது இங்கே இருக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திங்கள் மதியமே ஹெஸ்டர் போய்விட்டார். மூன்று வாரம் கழித்து மிஸ்டர் ரென்ஃப்ரோ அவரை வேறு மாநிலத்தில் ஒரு உறவினர் வீட்டில் கண்டுபிடித்தபோது, மறு விசாரணை முடிந்து நான்கு நாளாகியிருந்தது. லெமுவேலின் வக்கீல் சாட்சிக்குப் பதிலாக எங்கள் பத்திரிகையைத்தான் தூக்கிக் காட்டினார். பத்திரிகை சாட்சி சொல்லாது என்றார் நீதிபதி.

நாற்பத்து மூவாயிரம் கூப்பன்கள் வீணாகவில்லை. இந்த முறை மரண தண்டனை இல்லை. ஆயுள். லெமுவேல் சிறைப் பண்ணையில் ஒன்பது வருடம் பருத்தி எடுத்து, நுரையீரல் நோயில் இறந்தான். அவன் அம்மாவுக்கு உடலைக் கொடுத்தார்கள். அதற்கும் எங்கள் பத்திரிகைதான் போராடியது.

வெள்ளையர் நிறைந்த அந்த நடுவர் குழு ஹெஸ்டரை எப்படியும் நம்பியிருக்காது என்று பலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்த 'இருக்கலாம்' என் தலையணை அல்ல. அதில் நான் தலை வைத்துப் படுக்கக் கூடாது.

6

மிஸ்டர் ரென்ஃப்ரோவைப் பற்றி ஒரு சந்தேகம்: இந்தப் பாத்திரத்தை நீங்கள் நம்புவீர்களா?

முதல் பிரதியில் அவரைக் கொஞ்சம் குற்றவாளி ஆக்கியிருந்தேன். கடிதத்தில் எச்சரிக்கை எழுத மறந்தவர், குடிப்பழக்கம் உள்ளவர், அப்படி. அவர் குடித்ததில்லை. பாரத்தைப் பாதியாவது இறக்கிவைக்க ஒரு தோள் தேடினேன், அவ்வளவுதான்.

அவர் தெற்கிலிருந்து திரும்பியதும் நேராக என் மேசைக்கு வந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நான் சலவைக்காரின்னு எழுதினது மரியாதை தெரியாம இல்ல, மிஸ் கிம்ப்ரோ. அது நான் அவங்கமேல போத்தின போர்வை."

"தெரியுது. இப்போ தெரியுது."

"அவங்களை இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். கீழ வண்டியில இருக்காங்க. ஒரு அறை பார்த்துக் குடுக்கணும், சபைப் பெண்கள்கிட்ட சொல்லி."

"நானே பார்க்கறேன். அதுக்கு முன்னாடி, பேரைப் போட்டது நான்தான்னு அவங்ககிட்ட—"

"சொல்லிட்டேன். நான்தான் போட்டேன்னு."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நான் இங்க இருக்கற ஆள் இல்ல. என்னை வெறுத்தா அவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. நீங்க இருப்பீங்க. இந்தக் குளிர்ல, தெரியாத ஊர்ல, அவங்களுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆளையும் வெறுத்துட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?"

மனிதர்கள் இப்படிப் பேசமாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசினார்.

7

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் சின்ன விஷயங்கள். அறை, கம்பளி, கரி. ஒரு சலவைக் கடையில் வேலை. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் என் பக்கத்து இடம். ஹெஸ்டரின் கண்ணில் புரை விழுந்தபின், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு மணிக்குப் போய் லாந்தரை வாசித்துக் காட்டுவேன். ஹெஸ்டர் குறுக்கே குறுக்கே பேசுவார்.

"யாரு கல்யாணம்? அந்த ஹேட்டியா? மறுபடியுமா? முதல்ல இருந்தவன் என்ன ஆனான், பத்திரிகையில போட்டிருக்கா?"

"அதெல்லாம் போட மாட்டாங்க, ஹெஸ்டர்."

"அப்புறம் என்ன பத்திரிகை!"

சின்ன அன்புகளால்தான் உலகம் சிதறாமல் இருக்கிறது என்று நம்புகிறவள் நான். கர்த்தர் நம்மிடம் பெரிய காரியங்களைக் கேட்பது அபூர்வம்; ஒரு கிண்ணம் சூப், ஒரு மணி நேரம், இவ்வளவுதான் பெரும்பாலும் கேட்கிறார். ஆனால் இதையும் கேட்கவேண்டியிருக்கிறது: அன்புக்கு அடியில் ஒரு பொய்யை வைத்திருந்தால் அது அன்புதானா? பதினான்கு வருடம் அந்த வீட்டில் நான் சாப்பிட்ட சோள ரொட்டி யாருக்குச் சேரவேண்டியது?

லெமுவேல் இறந்த நாளில் மட்டும் ஹெஸ்டர் வேறொன்றை வாசிக்கச் சொல்வார். 1947ஆம் வருடத்து லாந்தரிலிருந்து வெட்டிய துண்டு. எப்படி அதைப் பத்திரப்படுத்தினார் என்று கேட்டதில்லை. முதல் வருடம் அதை என் கையில் கொடுத்தபோது எழுத்துகள் மங்கிவிட்டன என்று பொய் சொன்னேன். மறு வருடம் அந்தப் பொய் செல்லவில்லை. வாசித்தேன்.

"அந்த இடத்தை மறுபடி படி, ஆர்டி. பேர் வர்ற இடம்."

"திருமதி ஹெஸ்டர் பர்டெட்."

"என் ஆயுசுல அச்சுல அந்த ஒரு தடவைதான் என்னை அப்படிப் போட்டாங்க. அந்தப் பாவி ரென்ஃப்ரோ போட்டான். அதைக் கேட்டா நெஞ்சு நிறையுது. அதே நிமிஷம் அவன் கழுத்தைத் திருகணும் போலவும் இருக்கு. ஒரே வார்த்தைக்கு ரெண்டும். கர்த்தர் என்னை எப்படிப் படைச்சிருக்காரு பாரு."

நான் பார்த்தேன். துண்டைப் பழையபடி மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

8

முடிவுகள்.

ஒன்று: ஹெஸ்டர் ஊரைவிட்டு ஓடாமல் நீதிமன்றத்துக்கு வருகிறார். நாற்பத்து மூவாயிரம் பேர் வாசலில் நிற்கிறார்கள். லெமுவேல் வெளியே நடந்து வருகிறான். (ஆண்டு மலருக்கு ஏற்றது. அவன் அம்மா இன்னும் உயிரோடிருக்கிறார். இதை அவர் வாசிக்க நேர்ந்தால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்?)

இரண்டு: நான் சொல்கிறேன். ஹெஸ்டர் என் தலையில் கை வைத்து, "எனக்கு முன்னாடியே தெரியும்," என்கிறார். (இதை எழுதி முடித்து ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். அழகாக இருந்தது. மன்னிப்பைக் கர்த்தரிடம் கேட்கலாம், ஹெஸ்டரிடம் கேட்கலாம். அவர்களுக்காக நானே எழுதிக்கொண்டால் அது திருட்டு.)

மூன்று: நான் சொல்லாமலே இறந்துபோகிறேன். என் அடக்கத்துக்கு ஹெஸ்டர் வந்து எல்லோரையும்விடச் சத்தமாக அழுகிறார். மிஸ்டர் ரென்ஃப்ரோவின் கல்லறையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்

(இதுதான் நடக்க இருந்தது. இந்த முடிவைத் தடுக்கத்தான் கதையே எழுதுகிறேன்.)

9

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. இந்தப் பிரதியை நான் ஆசிரியரிடம் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை அச்சில் வரட்டும், வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வாசித்துக் காட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதாவது, ஒரு பெண்ணின் பெயரை அவரைக் கேட்காமலே இரண்டாம் தடவையும் அச்சேற்றப் பார்த்தேன். பழக்கம் எவ்வளவு பொல்லாதது பாருங்கள்.

இன்று வெள்ளி. பத்திரிகைக்குப் பதிலாக இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு படியேறுகிறேன். முதல் வரியிலிருந்து வாசிப்பேன். மிஸ்டர் ரென்ஃப்ரோ பேசும் இடத்தில் அவசரப்படமாட்டேன். வாசித்து முடித்ததும் இரண்டு கேள்வி கேட்பேன். இதை அச்சிடலாமா? அச்சிட்டால், உன் பெயரை உள்ளபடி போடட்டுமா, வேறு பெயர் போடட்டுமா? மூன்றாவதாக ஒரு கேள்வியும் என்னிடம் இருக்கிறது. அதை வாய்விட்டுக் கேட்க எனக்கு உரிமை இல்லை. நான் கேட்காமலே அவர் பதில் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

வேண்டாம் என்று ஹெஸ்டர் சொல்லிவிட்டால் தாள்களை அங்கேயே அடுப்பில் போட்டுவிடுவேன். அதனால் நீங்கள் இதை அச்சில் வாசிக்கிறீர்கள் என்றால், "போடு" என்று அவர் சொல்லியிருக்கிறார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியும். ஹெஸ்டர் பர்டெட் என்பது அவர் பெயரா, அவர் கேட்டு நான் மாற்றியதா என்பது தெரியாது. "போடு" என்றபின் என்னை உட்காரச் சொன்னாரா, வாசலைக் காட்டினாரா என்பதும் தெரியாது. அதை நான் பிறகு வந்து சேர்க்கமாட்டேன்.

மிஸ்டர் கிளைட் ரென்ஃப்ரோ என்பது மட்டும் நிச்சயமாக உண்மையான பெயர். இனி அவரை யாரும் கேட்க முடியாது. அவர் வேறு பெயரில் இருக்க விரும்பியிருப்பார். இந்த ஒரு தடவை அவர் விருப்பத்தை மீறுகிறேன்.

மூன்றாம் மாடி வந்துவிட்டது. உள்ளே ஹெஸ்டர் ரேடியோவை நிறுத்துகிறார். என் காலடி அவருக்குத் தெரியும்.

"கதவு திறந்துதான் இருக்கு, ஆர்டி. வா. இன்னைக்கு என்ன போட்டிருக்கான்?"